பாதிப் படம் பார்த்துத் தொடங்கிய கடை

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆனி மாத மழையில், அட்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு தகரப் பெட்டி, ஒரு மாவு மூட்டை. எங்கள் சொத்து அவ்வளவுதான். இன்றைக்கு அதே ரோட்டில் எனக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் பேக்கரி இருக்கிறது. காலையில் தோட்டங்களுக்குப் பாண் ஏற்றிக்கொண்டு போக சொந்தமாக ஒரு வேன் ஓடுகிறது. எந்தத் தோட்டத்தில் என் பேரை வெட்டினார்களோ, அந்தத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கும் என் பேக்கரிப் பாண்தான் போகிறது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் என்னை அடிக்க அந்த டிவிசனில் ஆள் கிடையாது. என் கத்தி விழுந்த செடியில் பிசிறு இருக்காது. மனைவி கொழுந்தெடுப்பாள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பது வழக்கம். மழை நாளில் கழித்தால் யாரும் வாய் திறக்க மாட்டோம். ஒரு நாள் நல்ல வெயில். இலை எல்லாம் காய்ந்து கிடக்கிறது. அன்றைக்கும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஈரம் என்று சொல்லிக் கழித்தார். நான் போய் என் மனைவியின் கூடையைத் தூக்கி மறுபடி தராசில் வைத்தேன். "நல்லாப் பாத்து நிறுங்கய்யா" என்றேன். இவ்வளவுதான் நான் பேசியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் பேர் வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் ஒருவனுடைய பேரை வெட்டினால் அவனுடைய வேலை மட்டும் போகாது. அவன் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். எங்கள் சட்டிபானையை எல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுப் போட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களில் போய்க் கேட்டேன். நான் போவதற்கு முன்னாலேயே என் கதை அங்கே போயிருந்தது. எல்லாரும் பேர் பதிய மாட்டோம் என்றார்கள்.

என் மனைவியின் அண்ணன் இன்னொரு தோட்டத்தில் இருந்தார். அவர் வீட்டில்தான் இரண்டு மாதம் ஒண்டிக்கொண்டிருந்தோம். அவர்தான் இந்தியா போகச் சொன்னார். காகிதம் எல்லாம் முடித்துக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் அப்பா முசிறிப் பக்கத்துக்காரர். நான் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் போவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மண்ணில் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அவ்வளவு வீறாப்பு. மனைவி பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரவு மெயிலில் ஏறி, தலைமன்னார் போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். மத்தியானமே அட்டனுக்கு வந்துவிட்டோம். மழை ஊற்றுகிறது. குழந்தைகள் நடுங்குகிறார்கள். எதிரே தியேட்டரில் மெட்னி தொடங்கப் போவதாக மணி அடித்தார்கள். கூரைக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் உட்காரலாமே என்றுதான் உள்ளே போனோம். கலை ரசனை எல்லாம் அப்புறம் வந்தது.

என் மனைவி அதுவரை தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. கோயில் திருவிழா சமயத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டும் படங்களைப் பார்த்ததோடு சரி.

அது ஒரு குடும்பப் படம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மில் முதலாளி. கூட்டாளி ஏமாற்றியதில் மில் போகிறது, வீடு ஏலத்துக்குப் போகிறது. சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் மாட்டு வண்டியில் வேறு ஊருக்குப் போகிறார்கள். தியேட்டருக்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் பேச்சுப் பாதி கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சாமான்களைத் தெருவில் வைத்த இடத்தில் தியேட்டர் முழுவதும் விசும்பல். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள். வாசலில் எடுத்து வைத்த சட்டிபானை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் பாட்டுப் போட்டுக் காட்டத் தேவையில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவி திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அடியே, அம்மிய விட்டுட்டுப் போறியே, அத எடுத்து வண்டியில போடு."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் அம்மியும் லயத்து வாசலில்தான் கிடந்தது. பாரம் என்று நான்தான் விட்டுவிட்டு வரச் சொன்னேன். ரொட்டிக் கல்லை மட்டும் அவள் விடமாட்டேன் என்று பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

படத்தில் அந்தக் குடும்பம் புது ஊருக்கு வந்து சேர்கிறது. ஆற்றங்கரையில் அந்தப் பெண் கல் தேடி வைத்து அடுப்பு மூட்டி ஆப்பம் சுட்டு விற்கிறாள். முதலாளியாக இருந்த புருஷன் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தண்ணீர் சுமக்கிறான். அன்று மாலை விற்று முடிந்து, மிஞ்சிய ஆப்பத்தைப் பிள்ளைகள் பிய்த்துப் பிய்த்துத் தின்று சிரிக்கிறார்கள். புருஷனும் துண்டை எடுத்துவிட்டுச் சிரிக்கிறான். அந்த இடத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை என்று நினைத்தோம். மேனேஜர் முன்னால் வந்து நின்று கையைக் கூப்பினார். மீதிப் படப்பெட்டி நாவலப்பிட்டியிலிருந்து வர வேண்டுமாம். வட்டவளைக்குப் பக்கத்தில் மண் சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டதாம், ரோட்டிலும் மரம் விழுந்து கிடக்கிறதாம். கிழித்த டிக்கட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி வந்ததும் மீதியைக் காட்டுகிறோம் என்றார். ஒரே கூச்சல்.

"பெட்டி வராட்டி என்னங்க, கதைய வாயாலயாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்று ஒருவர் கேட்டார்.

மேனேஜர் தானும் இன்னும் பார்க்கவில்லை என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி வராத பாதையில்தானே எங்கள் ரயிலும் போக வேண்டும். ஸ்டேஷனுக்கு ஓடினேன். பதுளைப் பக்கமிருந்து வந்த ரயில் ஒன்று ஆட்களோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. மண்ணை அள்ளி முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை மெயிலும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஸ்டேஷன் கொட்டகையிலேயே படுத்தோம்.

விடிந்தபோது ரயிலில் இருந்த ஆட்கள் எல்லாம் பசியோடு இறங்கி நின்றார்கள். பக்கத்துக் கடைகளில் இருந்த பாண் காலையிலேயே தீர்ந்துவிட்டது. என் மனைவி அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாவு மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். நான் முடியாது என்றேன். அது வழிக்கு என்று வைத்த மாவு. தலைமன்னாரில் எத்தனை நாள் காத்துக் கிடக்க வேண்டுமோ.

"கப்பலுக்குப் போற ரயிலே நிக்கிது. மாவு மட்டும் எதுக்குங்க சும்மா குந்தியிருக்கணும்?" என்றாள்.

அவள் ரோட்டோரம் அடுப்புக்குக் கல் தேடப் போனாள். அங்கே சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், அதைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, மழையில கல்லுப் பொறுக்காதீங்க. கடைக்குப் பின்னால சார்ப்புல அடுப்பு சும்மாதான் கெடக்கு. மிலாறும் அடுக்கி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க" என்றார்.

கவ்வாத்து வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்போம். நான் வருடக்கணக்காக வெட்டித் தள்ளிய சாமான். தேங்காயும் அவரே தந்தார். தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்து, தேயிலை மலைக்கு வேலைக்குக் கட்டிக்கொண்டு போவோமே, அதே தடிப்பில் அவள் ரொட்டி தட்டினாள். இடி சம்பல் ஒன்றும் இடித்தாள். வாசனைக்கே கூட்டம் கூடிவிட்டது.

கொடுக்கும் வேலை எனக்கு. இங்கேதான் நான் சறுக்கினேன். காற்சட்டை, கோட்டுப் போட்ட ஒரு சிங்கள ஐயா வந்தார். அவரைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டது. ஒரு பக்கமாக ஒதுங்கியும் நின்றுவிட்டேன். தோட்டத்து ரோட்டில் துரையோ கண்டாக்கோ வந்தால் அப்படித்தான் நிற்போம், சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கம். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "கீயத மல்லி?" என்று கேட்டார். எவ்வளவு தம்பி என்கிறார். கவ்வாத்துக்கு எவ்வளவு என்று என்னை யாரும் கேட்டதில்லை. கொழுந்துக்கு எவ்வளவு என்று அவளை யாரும் கேட்டதில்லை. நாங்கள் செய்வோம், அவர்கள் நிறுப்பார்கள், அவர்கள் கழிப்பார்கள், மிச்சத்தைத் தருவார்கள். நாமாக ஒரு விலை சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. "ஐயா பாத்துக் குடுக்கிறதக் குடுங்க" என்று இளித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாவம், குழம்பிப்போய் என்னையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பு முன்னால் இருந்த என் மனைவி எழுந்து வந்தாள். கை முழுக்க மாவு. குரலை உயர்த்தாமல் என்னிடம் சொன்னாள்:

"அவரு தொரை இல்லீங்க, பசிச்ச மனுசன். துண்டத் தோள்ல போடுங்க. போட்டுட்டு வெலையச் சொல்லுங்க."

துண்டைப் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விலை சொன்னேன். அந்த மனிதர் மறு பேச்சுப் பேசாமல் காசை எடுத்துத் தந்தார். தந்துவிட்டு இன்னொன்று கேட்டார். சிரிக்காதீர்கள். அன்றைக்கு அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிற்பு, பிற்காலத்தில் பேக்கரி திறந்த அன்றுகூட நிற்கவில்லை. அடுத்த ஆளுக்கு அவர் கேட்கும் முன்னாலேயே விலை சொன்னேன். மத்தியானத்துக்குள், "சூடா இருக்கு, சம்பலோட இருக்கு" என்று ரயில் ஜன்னல் ஜன்னலாகக் கூவிக்கொண்டு போனேன். எனக்குள் அப்படி ஒரு வியாபாரி இருந்தது எனக்கே தெரியாது.

மூட்டை மாவு அன்று மாலையே தீர்ந்தது. விற்ற காசில் நானாவிடம் மாவு வாங்கி மறுநாளும் சுட்டோம். சாப்பிட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "அந்தப் படத்து ஆப்பக்காரி இவதான்டா" என்று தியேட்டரில் எங்களோடு பெஞ்சில் இருந்த ஒருவர் கேலி செய்தார். "அப்ப நான்தான் மில் மொதலாளி" என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. மனைவி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அன்று வேலை முடிந்து உட்கார்ந்தபோதுதான் தன் மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொம்பளைக்கு அந்த ஊர்ல ஒருத்தரத் தெரியாது. அவளே அடுப்பு வச்சிட்டா. நமக்கு இங்க மனுசரத் தெரியும், மழையத் தெரியும், யாருக்கு எப்பப் பசிக்கும்னு தெரியும். மொதல்லேருந்துதான் தொடங்கணும்னா, தெரியாத எடத்துல போயி ஏங்க தொடங்கணும்?"

எனக்கு வீறாப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. காகிதம் வேறு பெட்டிக்குள் கிடக்கிறது.

ரொட்டி சுடத் தொடங்கிய மூன்றாம் நாள் பாதை திறந்தது. அடைபட்டு நின்ற ரயில் ஆட்களோடு போய்விட்டது. நாவலப்பிட்டியிலிருந்து வந்த முதல் ரயிலில் படப்பெட்டியும் வந்தது. இரவு மெயில் போகும் என்றும் சொல்லிவிட்டார்கள். செய்தி கேட்டு எங்களை வழியனுப்ப மச்சான் டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்துவிட்டார். சார்ப்புக்குள் அடுப்பையும் ரொட்டியையும் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னா மாப்புள இது? பாதிப் படத்தப் பாத்துட்டுக் கப்பல விடுற ஆளா நீங்க? குடியுரிமை இல்ல, பேரு பதிய ஒரு தோட்டம் இல்ல. எந்தத் தைரியத்துல இங்க இருக்கப் போறீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்காக அலைந்தவர் அவர். என் மனைவி சண்டை போடவில்லை. மீதிப் படத்தையும் பார்த்துவிட்டு வருவோம், மெயிலுக்கு நேரம் இருக்கிறது, நீயும் வா அண்ணே என்றாள். அவருக்குத் தனி டிக்கட் எடுத்தேன், விற்ற காசில்.

மீதிப் படத்தில் என்ன நடந்தது என்கிறீர்கள்? ஆப்ப வியாபாரம் இரண்டே காட்சியோடு சரி. மலாயாவிலிருந்து பிள்ளைகுட்டி இல்லாத ஒரு பணக்கார மாமன் கப்பலில் வந்து இறங்குகிறார். தன் சொத்தை எல்லாம் இவர்களுக்கு எழுதி வைக்கிறார். மில் திரும்பி வருகிறது, வீடு திரும்பி வருகிறது, ஏமாற்றியவன் காலில் விழுகிறான். அந்தப் பெண் பட்டுச் சேலையில் ஊஞ்சலில் ஆடுகிறாள். அடுப்பு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. தியேட்டரே கைதட்டியது. மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "பாத்தியா தங்கச்சி, கடைசியில சொந்தந்தான் வந்து காப்பாத்துது. அதுக்குத்தான் ஊருக்குப் போங்கன்னு சொல்றேன்" என்றார்.

என் மனைவி சிரித்தாள். மூன்று நாளில், ஏன், இரண்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"அண்ணே, நம்ம அப்பாரு செத்ததச் சொல்லி ஊருக்கு எழுதிப் போட்டோமே, ஏன்னு கேட்டு ஒரு நாதி வந்துச்சா? நமக்கு எந்த மாமன் கப்பல்ல வர்றாரு? அவ ஆத்தங்கரையில அடுப்பு வச்ச வரைக்கும் அது என் கதை. மாமன் வந்த பொறகு அது யாரோட கதையோ."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். ஆம்பளை நீங்க சொல்லுங்க என்பது போல. ஸ்டேஷனில் மெயிலுக்கு டிக்கட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசையில் போய் நிற்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. என்னைத் துரத்தியவர்கள் மேல் இருந்த கோபத்தில்தான் நான் கப்பலேறப் பார்த்தேன். அந்தக் கோபத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், போவதற்கு என்னிடம் வேறு காரணமே இல்லை. கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கியவர்களால் என் வாயிலிருந்து விலையைப் பிடுங்க முடியாதே. கொட்டகையில் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

"மச்சான், நாளைக்குக் காலையில ரொட்டி சாப்பிட்டுட்டுத் தோட்டத்துக்குப் போங்க" என்றேன்.

பெட்டியோடு நேரே நானாவின் சார்ப்புக்கு நடந்தேன். மச்சான் திட்டிக்கொண்டே மூத்தவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அப்புறம் எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. ரயில் கூட்டம் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சார்ப்பில் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தோம். சின்னவளுக்குச் சளி பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிகாலை பஸ் பிடிக்க வரும் ஆட்களுக்கு ரொட்டி, ஸ்டேஷன் ஆட்களுக்கு மத்தியானச் சோறு என்று ஒவ்வொன்றாகத்தான் பிடித்தேன். யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு செங்கல்லும் நாங்கள் வைத்தது. நானா அந்தச் சார்ப்பைத் தந்தார் என்பதை மட்டும் எந்த இடத்திலும் சொல்லாமல் விடமாட்டேன்.

இப்போது மறுபடியும் இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று தோட்டத்துக்குத் தோட்டம் அதே பேச்சுத்தான். என் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்கிறார்கள். போ என்றோ இரு என்றோ நான் சொல்வதில்லை. கோபத்தில் போகாதே என்று மட்டும் சொல்வேன்.

குடும்பப் படம் எது வந்தாலும் நானும் என் மனைவியும் முதல் நாளே போய்விடுவோம். எல்லாம் இழந்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குடும்பம் எழுந்து நிற்கிற கட்டம் வந்தால் இந்த வயதிலும் எனக்குக் கண் கலங்கும், வெட்கப்படுவதில்லை. பணக்கார மாமன் வந்து இறங்கியதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவள் மட்டும் கடைசி வரை இருந்து பார்த்துவிட்டு வந்து, காசு கொடுத்த படத்தைப் பாதியில் விடுகிறீர்களே என்று என்னைத் திட்டுவாள். திட்டட்டும். கதைக்காரர்கள் முடிவை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளட்டும், எங்கள் கதையில் அடுப்பு வைத்த பிறகு வரும் பாதியை நாங்களேதான் உழைத்து எடுக்க வேண்டியிருந்தது, அதை எடுத்தோம் என்ற நிமிர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.